பாட்டன் ஊரில் பேரன் அந்நியனா?

தும்பலஅள்ளி, கேசர்குளி, வாணியாறு, தொப்பையாறு - இவை தருமபுரி ஜில்லாவிலுள்ள அணைகளின் பெயர்கள். இந்த அணைக்கட்டுகளை ஒட்டித்தான், இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த தமிழர்களைக் குடிவைத்த முகாம்களும் இருக்கின்றன. அணையில் தேங்கிய தண்ணீருக்காவது மதகு உண்டு. பருவம் வந்தால் திறந்து விடுகிறார்கள். இந்த முகாம்களில் தேங்கிக் கிடக்கும் மனிதர்களுக்கு நாற்பது வருஷம் கடந்தும் மதகு திறக்கவில்லை.

இவர்கள் செய்த குற்றம் என்ன? திருடினார்களா? கொள்ளையடித்தார்களா? இல்லை. இவர்களிடம் காகிதம் இல்லை. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கள்ளத்தோணியில் ஏறியவனிடம், "விசா எங்கே?" என்று கேட்கிறது டில்லி சர்க்கார். அன்று கேட்டதோடு விடவில்லை. இன்று அவன் பேரனிடமும் அதையே கேட்கிறது!

தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு வாழ்வோர் இன்னும் முப்பதாயிரத்துக்கு மேல். இவர்களில் பெருவாரியானோர் 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள், அல்லது அவர்களுக்கு இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

முகாமில் பிறந்தவன் கதி

1995-இல் நம் ஜில்லா முகாம் ஒன்றில் பிறந்த ஒரு வாலிபனை எண்ணிப் பாருங்கள். அவன் பிறந்தது நம் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில். படித்தது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். கல்லூரிக்கும் போனான்; பட்டமும் வாங்கினான். ஆதார் அட்டை வைத்திருக்கிறான். ஆனால் ஆதார் குடியிருப்புக்குத்தான் சாட்சி, குடியுரிமைக்கு அல்ல என்று சட்டம் சொல்லிவிட்டது.

பட்டத்தை எடுத்துக்கொண்டு சர்க்கார் வேலைக்குப் போகலாமா? கூடாது, அவன் பிரஜை அல்ல. வளைகுடா நாட்டுக்குப் போய்க் கூலி வேலையாவது செய்யலாமா? முடியாது, பாஸ்போர்ட் யார் கொடுப்பது? வேலை பார்த்துச் சேர்த்த காசில் இரண்டு சென்ட் மனை வாங்கலாமா? ரிசர்வ் வங்கியிடம் முன்னனுமதி வாங்கி வர வேண்டும். ஓட்டுப் போடலாமா? அந்தப் பேச்சே கிடையாது. எந்தக் கட்சி எம்.எல்.ஏ.யும் அவனைத் தேடி வரமாட்டார். ஓட்டில்லாதவன் குறை யாருக்கு வேண்டும்?

நம் ஜில்லாவின் ஏழை விவசாயத் தொழிலாளி, மழை பொய்த்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறான். அவனுக்கு வேண்டியது டிக்கெட் மட்டுமே. முகாம்வாசிக்கோ டிக்கெட் போதாது. வெளியூரில் இராத் தங்குவதென்றால் அனுமதி வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லையென்றால் பெயர் அடிபடும், பணக்கொடை நின்றுபோகும். அவன் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி, கொத்தனாருக்குச் சித்தாள். தூரத்து ஊரில் பத்து நாள் வேலை கிடைத்தால், வேலையைப் பார்ப்பானா, தாசில்தார் ஆபீஸ் வாசலைப் பார்ப்பானா?

இன்னும் கேளுங்கள். தருமபுரியில் பிறந்து வளர்ந்த, இந்தியப் பிரஜையான ஒரு பெண், முகாம் வாலிபனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை இந்தியப் பிரஜையா? இல்லை! 2003-ஆம் வருஷத்தில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, தாய் தகப்பனில் ஒருவர் "சட்டவிரோதக் குடியேறி" என்றால், குடியுரிமை கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் தோணியில் வந்தவர்களையும், முகாமில் பிறந்த அவர்கள் பிள்ளைகளையும் சர்க்கார் அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. தாய் இந்த நாட்டுப் பிரஜை. அவள் மடியில் கிடக்கும் சிசு அந்நியன். இது சட்டமா, சாபமா?

தகர டிக்கெட் காலத்திலிருந்து

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைவிட, முதலில் எங்கிருந்து போனார்கள் என்று கேட்பதே நியாயம்.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், சேலம் ஜில்லா மக்கள் கொத்துக் கொத்தாய் மாண்டார்கள். அன்று தருமபுரியும் சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். அது தனி ஜில்லாவானது 1965 அக்டோபர் 2-இல்தான். பஞ்சத்தில் தப்பியவர்களைத் தேடிக் கங்காணி வந்தான். திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போலவே சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனான். வெள்ளைக்காரத் துரைமார்களின் காப்பித் தோட்டத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் வளர்த்தது இவர்களுடைய உதிரம்.

காகிதத்தின் கொடுமை அன்றே ஆரம்பமாயிற்று. போகும்போது கழுத்தில் தகர டிக்கெட் கட்டினார்கள். அதில் தோட்டத்தின் எண்ணும் கூலியின் எண்ணும் குத்தியிருக்கும். மாட்டுக்குச் சூடு போடுவது போல மனிதனுக்குத் தகரம்! தோட்டம் மாற விரும்பினால் "துண்டு" வேண்டும். கங்காணிக்கு இவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைத்து அடுத்த தோட்டக்காரன் ஆளை வாங்கிக்கொள்வான். 1921-இல் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். ஆனால் ஏழையின் தலைவிதியைத் துண்டுச் சீட்டில் எழுதும் வழக்கம் ஒழியவில்லை.

1948-இல் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயகாவின் சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு அத்தாட்சி ஏது? 1949-இல் இன்னொரு சட்டம் போட்டு, வேண்டுமானால் விண்ணப்பம் செய் என்றார்கள். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. தேறியவர்கள் சுமார் 1,34,000 பேர். தோட்டத் தொழிலாளியின் ஓட்டும் அதே 1949-இல் பறிபோயிற்று. 1947 தேர்தலில் ஏழு ஸ்தானங்களில் ஜெயித்த ஒரு மக்கள் கூட்டத்தை, பேனாவின் ஒரே கீறலில் நாடற்றவர்களாக்கினார்கள்.

நம் டில்லி சர்க்கார் என்ன செய்தது? 1964 அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாய் 75,000 வீதம் பிரித்தார்கள். சந்தையில் மாட்டைப் பிரிப்பவன்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பான். இங்கே பத்து லட்சம் மனிதர்களை, அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பிரித்தார்கள்.

1977-லும் 1981-லும் மலையகத்தில் இனவெறியர்கள் தாக்கியபோது, அந்தத் தொழிலாளர்கள் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். அங்கேயும் குண்டு விழுந்தபோது கடல் தாண்டி இங்கே வந்தார்கள். 1984-இல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவன் "தாயகம் திரும்பியோர்", இந்தியப் பிரஜை. அதே லயத்திலிருந்து, அதே கொலைவெறிக்குத் தப்பி, தோணியில் வந்தவன் "சட்டவிரோதக் குடியேறி". அண்ணன் பிரஜை, தம்பி அந்நியன்! வித்தியாசம் ரத்தத்தில் இல்லை. ஏறிய வாகனத்தில் இருக்கிறது.

மண்டபம் முகாமைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கூலிகளை இலங்கைக்கு ஏற்றி அனுப்புமுன் நிறுத்தி வைத்து நோய் பார்த்த இடம் அது. அதே மண்டபத்தில்தான், பின்னாளில் தோணியில் வந்தவர்களையும் இறக்கிப் பெயர் எழுதினார்கள். பாட்டனை ஏற்றுமதி செய்த வாசலில் பேரனை அந்நியன் என்று பதிவு செய்திருக்கிறார்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். இங்கே முகாமில் பெயர் கூப்பிடுகிறார்கள்.

மூன்று தேசத்துக்கு ஒரு நீதி

"சட்டம் அப்படி இருக்கிறது, என்ன செய்வது?" என்று கையை விரிக்கிறார்கள் டில்லி ஆட்சியாளர்கள். சட்டத்தை இவர்கள் மாற்றியதே இல்லையா?

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 மார்ச் 11-இல் விதிகளை வெளியிட்டார்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஹிந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், ஜைனர்கள், பார்ஸிகள், கிறிஸ்தவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் வந்திருந்தாலும் "சட்டவிரோதக் குடியேறி" அல்ல என்றார்கள். பதினோரு வருஷ வாசத்தை ஐந்து வருஷமாகக் குறைத்தார்கள். காலாவதியான காகிதம் போதும், பாட்டனார் காலத்துத் தஸ்தாவேஜு போதும் என்று வழியும் காட்டினார்கள்.

அந்த மக்களுக்குக் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. துன்பப்பட்டு வந்தவன் எவனானாலும் அவனுக்கு நிழல் வேண்டும். அங்கேயும் முஸ்லிம் அகதியை வாசலில் நிறுத்தினார்களே, அதைக் கண்டிக்கிறோம். நாம் கேட்பது இதுதான்: அந்தப் பட்டியலில் இலங்கை ஏன் இல்லை? ஹிந்துக்களின் காவலன் என்று மார் தட்டுகிறவர்கள், முகாமில் வேல் நட்டுக் கும்பிடும் இந்த ஹிந்துவை ஏன் மறந்தார்கள்? ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு! இவர்களுக்கு மதமும் முக்கியமல்ல, மனிதனும் முக்கியமல்ல. எந்த எல்லையில் ஓட்டு அறுவடையாகும் என்பதே முக்கியம்.

மற்றவர்கள் சாதாரண வழியில் விண்ணப்பிக்கலாமே என்கிறார்கள். அந்த விண்ணப்பத்தோடு செல்லத்தக்க வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும், வசிப்பதற்கான அனுமதிச் சீட்டும் இணைக்க வேண்டும். அவை இல்லாததால்தானே அவன் முகாமில் இருக்கிறான்? சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திறந்து எடுத்துக்கொள் என்கிற கதை இது!

2025 செப்டம்பர் முதல் குடிவரவு, வெளிநாட்டினர் பற்றிய புதிய சட்டம் அமலுக்கு வந்தது. தக்க காகிதமின்றி உள்ளே வந்தால் ஐந்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு மட்டும் இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு என்று ஓர் உத்தரவும் போட்டார்கள். நல்லது. ஆனால் அதன் அர்த்தம் என்ன? "உன்னைச் சிறையில் போட மாட்டோம்" என்பதே. "நீ எங்களவன்" என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தூக்கு மேடையிலிருந்து இறக்கிவிட்டு, அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு அங்கேயே நில் என்கிறார்கள்.

"திரும்பிப் போகட்டுமே!"

யுத்தம் 2009-லேயே முடிந்துவிட்டது, திரும்பிப் போகட்டுமே என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். இலங்கை சர்க்காரே 2003-இல் மலையக மக்களுக்குப் பிரஜா உரிமை கொடுத்தது, 2009-இல் இந்தியாவிலுள்ளவர்களுக்கும் வழி செய்தது என்று சட்டமும் காட்டுகிறார்கள்.

போக விரும்புகிறவர்களை யார் தடுக்கிறார்கள்? காகிதம்தான் தடுக்கிறது! வெளியேறும் அனுமதி வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குத் தாய் தகப்பனின் பிறப்புச் சான்று வேண்டும். அது எரிந்துபோன வீட்டோடு போயிற்று. இத்தனையும் தாண்டிப் போனால் அங்கே என்ன வரவேற்பு? 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே தாயகம் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அவர் செய்த குற்றம்? யுத்த காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம்! போனதற்கு அங்கே குற்றவாளி, வந்ததற்கு இங்கே குற்றவாளி. நடுக்கடலில் நின்றிருந்தால் மட்டும்தான் அவன் நிரபராதி போலிருக்கிறது.

அதுவும் போகட்டும். முப்பது வருஷத்துக்கு முன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பிறந்து, ஒரு நாளும் கடலையே கண்டிராதவன் எங்கே "திரும்பி"ப் போவான்?

"ராஜீவ் காந்தி கொலையை மறக்க முடியுமா?" என்று இன்னொரு குரல். 1991-இல் நடந்தது மாபாதகம், சந்தேகமில்லை. குற்றம் செய்தவர்களை நீதிமன்றம் விசாரித்தது, தண்டித்தது. அதற்கு நாலு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தையின் கணக்கில் அதை ஏன் எழுதுகிறீர்கள்? ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒருவர் செய்த குற்றத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சந்தேகிப்பது எந்த நாட்டு நீதி?

2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அமர்வு ஒன்று, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா என்ன தர்மசத்திரமா என்று கேட்டது. பணிவுடன் பதில் சொல்கிறோம்: சத்திரத்தில் ஓரிரவு தங்குகிறவன் வழிப்போக்கன். நாற்பது வருஷம் நம் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தவன், நம் கட்டடத்துக்குக் கல் சுமந்தவன் வழிப்போக்கனா? 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில், பிரஜை அல்லாதவனுக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு, ராஜ்யம் அதைக் காக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் இதே சுப்ரீம் கோர்ட்தான். 2019 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களைப் பெற்றுப் பதினாறு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொன்னது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-இல் அதே கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே பிரஜை என்பது சட்டம். 2024 ஏப்ரலில் அந்தப் பெண் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில்! சட்டம் முதல் நாளே கொடுத்த உரிமையை, வக்கீல் வைத்து வாங்க முப்பத்தாறு வருஷம் ஆயிற்று. வக்கீல் வைக்க முடியாதவர்கள் எத்தனை பேர்?

வெளியே கொஞ்சம் கண்ணைத் திருப்புங்கள். 1983-இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு சிறுவன் கனடாவில் அடைக்கலம் புகுந்தான். அவர்தான் கேரி ஆனந்தசங்கரி. 2025 மே மாதத்தில் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு மந்திரியாகப் பொறுப்பேற்றார். அதே 1983-இல் தருமபுரிப் பக்கம் வந்தவனோ இன்னும் அதிகாரியின் முன் கைகட்டி நிற்கிறான். கனடாவில் நிரந்தர வாசி ஆனவன், ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் அங்கே வாழ்ந்திருந்தால் பிரஜையாக விண்ணப்பம் போடலாம். பாஷையும் வேறு, பனியும் வேறான தேசம் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. பாஷையும் ரத்தமும் ஒன்றான தேசம் பெயர் கூப்பிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறது.

பெயர்ப் பலகை போதாது

மாநில சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முனைந்தார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். பத்தடிக்குப் பத்தடித் தகரக் கொட்டகையில் வெந்தவனுக்குச் சுவர் வைத்த வீடு கிடைப்பது பெரிய காரியம், வரவேற்கிறோம். ஆனால் 1,500 ரூபாய் என்பது நாளைக்கு ஐம்பது ரூபாய். அந்த வீட்டுக்குப் பட்டா அவன் பெயரில் உண்டா? ராத்திரி வெளியே தங்க அனுமதி கேட்கும் வழக்கம் ஒழிந்ததா? பலகையில் பெயர் மாறினால் போதாது. பதிவேட்டில் மனிதன் மாற வேண்டும்.

நம் ஜில்லாத் தொழிலாளிகளுக்கும் சொல்கிறோம். "இவர்கள் நம் வேலையைப் பறிக்க வந்தவர்கள்" என்று உங்கள் காதில் ஓதுகிறவன் யார்? பெரும்பாலும் கான்ட்ராக்டர்! காகிதமில்லாதவனை அவன் ஏன் விரும்புகிறான்? கூலி குறைத்தால் கேட்கமாட்டான், சாரத்திலிருந்து விழுந்தால் நஷ்ட ஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகமாட்டான், பயந்து கிடப்பான். அவன் கூலி விழுந்தால், அடுத்த நாள் உங்கள் கூலியும் விழும். அவனுக்கு உரிமை கிடைத்தால் உங்கள் கூலிக்கும் பலம் கூடும். காகிதமில்லாத தொழிலாளி முதலாளிக்கு வரம். மற்றத் தொழிலாளிக்கு ஆபத்து. அவன் உங்கள் போட்டியாளன் அல்லன், உங்கள் கூட்டாளி.

ஆகவே நாம் கோருகிறோம்:

ஒன்று: முகாமிலும் வெளியிலும் பதிவு பெற்று வாழும் இலங்கைத் தமிழர்களை "சட்டவிரோதக் குடியேறி" பட்டியலிலிருந்து நீக்கிச் சட்டம் திருத்து. விரும்புவோர் எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை கொடு.

இரண்டு: பாஸ்போர்ட் கேட்காதே. முகாம் பதிவேட்டையும் பள்ளிச் சான்றையும் அத்தாட்சியாக ஏற்றுக்கொள். மூன்று தேசத்தாருக்குக் காட்டிய வழியை இவர்களுக்கும் காட்டு.

மூன்று: 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்காதே. கலெக்டரே முகாமுக்குப் போய்க் கணக்கெடுத்து, அவர்கள் பிரஜைகள் என்று எழுதட்டும்.

நாலு: திரும்பிப் போக விரும்புவோருக்கு அபராதமின்றி, அலைச்சலின்றி அனுமதி கொடு. அங்கே அவர்களைக் கைது செய்யக் கூடாதென்று இலங்கை சர்க்காரிடம் எழுத்தில் வாங்கு.

ஐந்து: வேலைக்கு வெளியூர் போகவும் தங்கவும் உள்ள தடைகளை மாநில சர்க்கார் உடனே நீக்கட்டும். கட்டிய வீடுகளில் குடியிருப்போருக்கு அவற்றை உரிமையாக்கட்டும்.

இவை பிச்சை அல்ல. நூற்றைம்பது வருஷத்துக் கூலிப் பாக்கி. தருமபுரி ஜில்லாவின் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், மாணவர்களும், மாதர்களும் கையெழுத்து வாங்குங்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். வாணியாற்றுக்கும் தொப்பையாற்றுக்கும் நேரில் போங்கள். அங்கே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதிவேட்டிலிருந்து அல்ல, அண்ணன் என்றும் தங்கச்சி என்றும்.